தனி ஆட்டக்காரர்களை அணியாக்கும் பயிற்றுநர்

படித்து முடித்ததும் என்ன வேலைக்குப் போகலாம் என்று கேட்டால் மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், கணக்காய்வாளர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். 'பல்கலைக்கழகப் பெண்கள் டென்னிஸ் அணியின் பயிற்றுநர்' என்று அந்தப் பட்டியலில் யாரும் சேர்த்துச் சொல்லி நாம் கேட்டதில்லை. நம் பள்ளிகளில் விளையாட்டுப் பயிற்சி என்பது பெரும்பாலும் பாடம் நடத்தி முடித்த ஓர் ஆசிரியர் மாலையில் கூடுதலாகச் சுமக்கும் பொறுப்பு. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் அது ஒரு முழுநேரத் தொழில். சம்பளம், அலுவலகம், துணைப் பயிற்றுநர்கள், ஆண்டு இறுதியில் கணக்குக் கேட்கும் நிர்வாகம் என எல்லாம் அதற்கு உண்டு.

அந்தத் தொழில் எப்படி நடக்கிறது, அதில் ஒருவர் எப்படி வளர்கிறார் என்பதை ஒரு பெண்ணின் வாழ்க்கைப் பணி வழியாகப் பார்க்கலாம். கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பெண்கள் டென்னிஸ் அணியை 2001 முதல் 2019 வரையிலான காலத்தில் 10 முறை தேசிய வெற்றியாளராக்கியவர் லெலே ஃபொரூட். டென்னிஸ் ரசிகர்களில் பலருக்குக்கூடத் தெரியாத பெயர் இது.

ஏழு புள்ளிகளின் கணக்கு

விம்பிள்டனில் ஒருவர் வென்றால் அந்தக் கோப்பை அவருக்கு மட்டுமே சொந்தம். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் வேறு மாதிரி நடக்கிறது. இரண்டு பல்கலைக்கழகங்கள் மோதும் நாளில் முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் நடக்கும். அவற்றில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரே ஒரு புள்ளி. அடுத்து ஆறு ஒற்றையர் ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் ஏழு புள்ளிகள். முதலில் நான்கை எட்டும் அணி வெற்றி பெறும்.

ஒற்றையர் ஆட்டங்களில் வீராங்கனைகள் திறமை வரிசையில் நிறுத்தப்படுவார்கள். ஓர் அணியின் முதல் இடத்தவர் எதிரணியின் முதல் இடத்தவரோடு மோதுவார். ஆறாம் இடத்தவர் ஆறாம் இடத்தவரோடு மோதுவார். முதல் ஆடுகளத்தில் ஆடும் பெண் நாளை உலகத் தரவரிசையில் ஏறக்கூடியவராக இருக்கலாம். ஆறாவது ஆடுகளத்தில் ஆடும் பெண் பட்டம் வாங்கியதும் ராக்கெட்டை மூட்டை கட்டிவிட்டு அலுவலக வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். ஆனால் இருவர் வாங்கித் தரும் புள்ளிக்கும் ஒரே மதிப்புதான்.

பயிற்றுநரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. நாட்டிலேயே சிறந்த ஒரு பெண்ணை அணிக்குக் கொண்டுவந்தாலும் ஒற்றையர் ஆட்டத்தில் அவரால் ஒரு புள்ளிதான் தர முடியும். மீதி மூன்று புள்ளிகள் மற்றவர்களிடமிருந்து வர வேண்டும். எனவே ஐந்தாம், ஆறாம் இடத்துப் பெண்களை வளர்க்கத் தெரியாத பயிற்றுநர் கல்லூரி டென்னிஸில் நிலைக்க முடியாது.

சிறு வயதிலிருந்து தனக்காக மட்டுமே ஆடிப் பழகிய பெண்கள் இவர்கள். பெற்றோர், சொந்தப் பயிற்றுநர், தனிப் பயணம், தனித் தரவரிசை என்று வளர்ந்தவர்கள். அவர்களைப் பக்கத்து ஆடுகளத்தில் ஆடும் தோழிக்காகக் கத்தச் சொல்ல வேண்டும். 'நீ இந்த வாரம் நான்காம் இடத்தில் இல்லை, ஐந்தாம் இடத்தில் ஆடு' என்று சொன்னால் முகம் சுளிக்காமல் ஏற்கப் பழக்க வேண்டும். ராக்கெட்டைப் பிடிப்பதைக் கற்றுக்கொடுப்பதைவிட இது கடினமான வேலை.

ஆட்டம் நடக்கும்போதும் பயிற்றுநர் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. தொழில்முறை டென்னிஸில் பயிற்றுநர் ஆடுகளத்துக்கு வெளியேதான் அமர்ந்திருப்பார். கல்லூரி டென்னிஸில் ஆட்டத்தின் இடையிலேயே வீராங்கனையிடம் போய்ப் பேசலாம். ஆறு ஆடுகளங்களிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். யாருக்கு இப்போது ஒரு வார்த்தை தேவை, யாரைத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும் என்பதைத் தலைமைப் பயிற்றுநரும் துணைப் பயிற்றுநரும் நொடியில் முடிவு செய்ய வேண்டும். 40-40 என்று வந்துவிட்டால் அடுத்த ஒரே புள்ளியில் அந்த கேம் முடிந்துவிடும் என்பதால் தாமதமாகச் சொல்லும் ஆலோசனைக்குப் பலனில்லை.

ஆடுகளத்துக்கு வெளியே உள்ள வேலை

போட்டி நாள் என்பது இந்தத் தொழிலில் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. ஆண்டின் பெரும்பகுதி வேறு வேலைகளில் கழிகிறது.

முதலாவது, ஆள் சேர்ப்பு. பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் ஆடும் இளையோர் போட்டிகளுக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பெற்றோரிடம் பேச வேண்டும். அந்தப் பெண்ணால் பாடத்திலும் தாக்குப்பிடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் போன்ற இடத்தில் டென்னிஸ் நன்றாக வருகிறது என்பதற்காக மட்டும் இடம் கிடைத்துவிடாது.

இரண்டாவது, கல்வி உதவித்தொகை. பல ஆண்டுகளாக அமெரிக்காவின் முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு அதிகபட்சம் 8 முழு உதவித்தொகைகள் என்ற வரம்பு இருந்தது. ஆண்கள் அணிக்கோ நாலரைதான். 2025இல் இந்த விதிமுறை மாறியது. எந்த முறை இருந்தாலும், ஓர் இடத்தைத் தவறான ஆளுக்குக் கொடுத்துவிட்டால் அதன் விளைவு நான்கு ஆண்டுகள் தொடரும்.

மூன்றாவது, நேரம். போட்டிக் காலத்தில் ஒரு மாணவியைக் கட்டாயப் பயிற்சிக்கும் போட்டிக்கும் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் அழைக்கக் கூடாது என்பது விதி. அந்த 20 மணி நேரத்துக்குள் ஒற்றையர், இரட்டையர், உடற்பயிற்சி எல்லாவற்றையும் அடக்க வேண்டும். தேர்வு வாரத்தில் பயணம் வந்தால் பேராசிரியர்களிடம் பேசி ஏற்பாடு செய்ய வேண்டும்.

இந்த அணிகள் அமெரிக்கர்களால் மட்டும் நிரம்பியவை அல்ல. முதல் பிரிவு டென்னிஸில் வெளிநாட்டு மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் ஆடுகிறார்கள். சென்னையில் பள்ளிப் படிப்பு படித்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவராக 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றார். பிறகு இந்தியாவின் முன்னணி ஒற்றையர் ஆட்டக்காரரானார். படிப்பா விளையாட்டா என்று ஒன்றைக் கைவிடாமல் இரண்டையும் கொண்டுபோக இந்தப் பாதை அவருக்கு உதவியது.

பதின்மூன்று ஆண்டுகள் இரண்டாம் இடத்தில்

ஃபொரூட் இந்தத் தொழிலுக்கு வந்தது ஒரே தாவலில் நடந்ததல்ல. 1970களில் அவரே ஸ்டான்ஃபோர்ட் மாணவி. 1978இல் கல்லூரிப் பெண்கள் அணிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்ற அணியில் ஆடியவர். அதற்குப் பின் தொழில்முறைப் போட்டிகளிலும் விளையாடினார்.

1987இல் அவர் தம் பழைய பல்கலைக்கழகத்துக்கே துணைப் பயிற்றுநராகத் திரும்பினார். அப்போது தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் ஃபிராங்க் பிரென்னன். 1980இலிருந்து 2000 வரை அந்தப் பொறுப்பில் இருந்து 10 தேசியப் பட்டங்களை வென்றவர். அவற்றில் 1986 முதல் 1991 வரை தொடர்ச்சியாக ஆறு.

அப்படிப்பட்ட ஒருவருக்குக் கீழே ஃபொரூட் 13 ஆண்டுகள் பணியாற்றினார். துணைப் பயிற்றுநரின் பெயர் கோப்பையில் பொறிக்கப்படுவதில்லை. செய்தியாளர்கள் ஒலிவாங்கியை நீட்டுவதும் தலைமைப் பயிற்றுநரிடம்தான். இரட்டையர் இணைகளைச் சரிபார்ப்பது, தோற்றுவிட்டு வந்தவரோடு உட்கார்ந்து பேசுவது, அடுத்த எதிரணியைக் கவனித்துக் குறிப்பெடுப்பது போன்றவை துணைப் பயிற்றுநரிடம் வரும் வேலைகள். ஓர் அணியின் உள் இயக்கம் முழுவதையும் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

2000இல் பிரென்னன் ஓய்வுபெற்றபோது பொறுப்பு ஃபொரூட் கைக்கு வந்தது. 10 பட்டங்கள் வென்றவரின் நாற்காலியில் அமர்வது யாருக்கும் இலகுவல்ல. வென்றால் 'பழையவர் கட்டிவைத்த அணி' என்பார்கள். தோற்றால் 'பழையவர் போனதும் போயிற்று' என்பார்கள். ஃபொரூட் தலைமையில் முதல் இரண்டு ஆண்டுகளிலும், அதாவது 2001லும் 2002லும், ஸ்டான்ஃபோர்ட் தேசிய வெற்றியாளரானது. 2004, 2005, 2006 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மீண்டும் வென்றது.

அவருக்குத் துணைப் பயிற்றுநராக வந்தவர் யார் தெரியுமா? பிரென்னனின் மகன் ஃபிராங்கி பிரென்னன். தந்தையிடம் கற்றவருக்கு மகன் துணையாக நின்றார்.

மேலரி பர்டெட்டின் மூன்று மே மாதங்கள்

பட்டங்களை மட்டும் எண்ணினால் இந்தத் தொழிலின் உண்மையான கடினம் தெரியாது. 2010க்கும் 2012க்கும் இடையில் ஸ்டான்ஃபோர்டில் ஆடிய மேலரி பர்டெட் என்ற மாணவியின் கதை அதைத் தெளிவாகக் காட்டுகிறது. அவருடைய அக்காமார் எரின், லின்ட்சி இருவரும் அவருக்கு முன்பே இதே அணியில் ஆடியவர்கள். ஒரே வீட்டிலிருந்து மூன்று பெண்கள் ஒரே பயிற்றுநரிடம் வந்து சேர்ந்தார்கள் என்பதே அந்தப் பயிற்றுநருக்குக் கிடைத்த பெரிய நற்சான்று.

2010 மே மாதம், ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் இறுதிச் சுற்று. எதிரணி ஃபுளோரிடா பல்கலைக்கழகம். இரு அணிகளும் மூன்று புள்ளிகளில் சமமாக நின்றபோது மிஞ்சியது மேலரியின் ஆட்டம் மட்டுமே. முதலாம் ஆண்டு மாணவியான அவர் அதை வென்றார். ஸ்டான்ஃபோர்ட் 4-3 என்று பட்டத்தைப் பெற்றது.

அடுத்த ஆண்டு அதே இரண்டு அணிகள் மீண்டும் இறுதிச் சுற்றில் சந்தித்தன. இம்முறை போட்டி நடந்தது ஸ்டான்ஃபோர்டின் சொந்த ஆடுகளத்தில். மீண்டும் மூன்றுக்கு மூன்று. மீண்டும் மிஞ்சியது மேலரியின் ஆட்டம். மூன்றாம் செட்டில் அவர் 4-0 என்று முன்னணியில் இருந்தார். எதிரே நின்ற லாரன் எம்ப்ரீ அங்கிருந்து எழுந்து வந்து அந்த செட்டையும் ஆட்டத்தையும் வென்றார். பட்டம் ஃபுளோரிடாவுக்குப் போனது. 1999இலிருந்து சொந்த ஆடுகளத்தில் தொடர்ந்து 184 ஆட்டங்களில் தோற்காமல் இருந்த ஸ்டான்ஃபோர்டின் சாதனையும் அதே நாளில் முடிந்தது.

ஒரு பத்தொன்பது, இருபது வயதுப் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். 12 ஆண்டுச் சாதனை தன் கையில் உடைந்தது என்ற எண்ணம் ஒருவரை விளையாட்டைவிட்டே விரட்டிவிடும். அத்தகைய தோல்விக்குப் பிறகு வரும் மாதங்களில்தான் ஒரு பயிற்றுநரின் தரம் தெரியும். 'உன்னால் போயிற்று' என்ற பேச்சு உடைமாற்றும் அறையில் எழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அணி தோற்றது என்றால், புள்ளி இழந்த மற்ற மூன்று இடங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை எல்லாரும் உணர வேண்டும். ஏழு புள்ளிகளின் கணக்கு அதைத்தானே சொல்கிறது?

2012 மே மாதம் கல்லூரிப் பெண்கள் ஒற்றையர் பட்டத்துக்கான இறுதிச் சுற்றில் இரண்டு ஸ்டான்ஃபோர்ட் மாணவிகள் எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் மேலரி. மற்றவர் அவருடைய சக மாணவி நிக்கோல் கிப்ஸ். கிப்ஸ் வென்றார். அதே ஆண்டுப் போட்டியில் இருவரும் வலையின் ஒரே பக்கத்தில் நின்று இரட்டையர் பட்டத்தை வென்றார்கள். தன்னைத் தோற்கடித்த தோழியோடு சேர்ந்து வெற்றி பெறும் மனம் ஒரே நாளில் வருவதில்லை. தினசரிப் பயிற்சியில், ஒருவர் ஆட்டத்தை மற்றவர் கூர்மைப்படுத்தும் சூழலில்தான் அது வளரும்.

மேலரி அந்த ஆண்டே அமெரிக்க ஓப்பன் போட்டியில் மூன்றாம் சுற்று வரை முன்னேறி, அதன் பிறகு தொழில்முறை ஆட்டக்காரரானார்.

கடைசி வரிசையிலிருந்து முதலிடம்

அணியின் முக்கிய வீராங்கனை ஒருவர் போய்விட்ட நிலையில் 2013இல் ஸ்டான்ஃபோர்டுக்குத் தேசியப் போட்டியில் 12ஆம் தரவரிசை கிடைத்தது. தரவரிசை கொடுக்கப்படுவதே 16 அணிகளுக்குத்தான். அந்த அணி டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தை இறுதிச் சுற்றில் 4-3 என்று வென்று பட்டத்தைத் தூக்கியது.

அதோடு நிற்கவில்லை. 2016இல் 15ஆம் தரவரிசையில் நுழைந்து ஒக்லஹோமா ஸ்டேட் அணியை வென்றது. 2018இல் மீண்டும் 15ஆம் தரவரிசையில் நுழைந்து வெண்டர்பில்ட் அணியை வென்றது. இரண்டு இறுதிச் சுற்றுகளின் முடிவும் 4-3தான். 2019இல் வென்றது ஃபொரூடின் பத்தாவது பட்டம். பிரென்னனின் பத்தும் இவருடைய பத்தும் சேர்ந்து 20. இந்தத் தேசியப் போட்டி தொடங்கிய 1982இலிருந்து 2019 வரை நடந்த 38 போட்டிகளில் பாதிக்கு மேல் ஒரே பல்கலைக்கழகம் வென்றிருக்கிறது.

4-3 என்ற முடிவை மீண்டும் பாருங்கள். மூன்று புள்ளிகளை இழந்த அணியும் வெல்லலாம், நான்காவது புள்ளியை யாராவது ஒருவர் கொண்டுவந்தால். அந்த ஒருவர் யாராக இருப்பார் என்று காலையில் யாராலும் சொல்ல முடியாது. எனவே ஆறு பேரும் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு சட்டம் திறந்ததும் மூடியதும்

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் பெண்களுக்கு இந்த வாய்ப்புகள் தாமாக வரவில்லை. 1972 ஜூன் 23ஆம் நாள் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தில் 'ஒன்பதாம் தலைப்பு' என்ற பகுதி இருந்தது. மத்திய அரசின் நிதியுதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்றது அது. அதற்காக நாடாளுமன்றத்தில் பாடுபட்டவர்களில் ஒருவர் ஹவாயைச் சேர்ந்த பேட்சி மிங்க். பெண் என்பதால் மருத்துவக் கல்லூரிகள் இடம் மறுத்த பிறகு சட்டம் படித்து அரசியலுக்கு வந்தவர். 2002இல் அந்தச் சட்டத்துக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

1972க்கு முன் அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடிய பெண்கள் ஏறத்தாழ 30,000 பேர். இன்று அந்த எண்ணிக்கை இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஆனால் விளையாடும் பெண்கள் பெருகியபோது பயிற்றுவிக்கும் பெண்கள் குறைந்தார்கள். 1972இல் பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் பெண் பயிற்றுநர்கள் இருந்தார்கள். 1978இல் அது 58 விழுக்காடாக இறங்கியது. அண்மை ஆண்டுகளில் நாற்பது விழுக்காட்டைச் சற்றே தாண்டி நிற்கிறது. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. சம்பளமில்லாத வேலையாக இருந்தவரை அதைப் பெண்களே பார்த்தார்கள். சட்டம் வந்து சம்பளமும் மதிப்பும் சேர்ந்ததும் ஆண்களும் விண்ணப்பிக்கத் தொடங்கினார்கள். ஆண்கள் பிரிவும் பெண்கள் பிரிவும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் பெரும்பாலும் ஆண்களே இருந்தார்கள். ஆண்கள் அணிகளுக்குப் பெண்கள் பயிற்றுநராவதோ மிக அரிது.

ஃபொரூடின் பத்துப் பட்டங்களுக்கு உள்ள கூடுதல் பெருமை இதுதான். மாணவியாக அதே ஆடுகளத்தில் நின்ற ஒரு பெண், துணைப் பயிற்றுநராக அங்கேயே தொழில் கற்று, தலைமைக்கு வந்து வென்று காட்டினார். அவரிடம் பயின்ற பெண்கள், தங்களுக்கும் இந்த வேலை உண்டு என்பதைத் தினமும் கண்ணால் பார்த்தார்கள்.

நம் மாணவிகளுக்கு

மலேசியாவில் பல்கலைக்கழகப் பயிற்றுநர் வேலை அமெரிக்காவில் உள்ள அளவுக்கு வளரவில்லை. ஆனால் பயிற்றுநராவதற்கான படிகள் இங்கும் உண்டு. தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டம் விளையாட்டு அறிவியல், குறிப்பிட்ட விளையாட்டின் நுட்பம், களப் பயிற்சி ஆகியவற்றைப் படிப்படியான நிலைகளில் கற்றுத் தருகிறது. டென்னிஸுக்கு அனைத்துலக டென்னிஸ் சம்மேளனத்தின் பயிற்றுநர் தகுதிநிலைகள் தனியாக உள்ளன. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்தவர்கள் விளையாட்டு அறிவியலைப் பட்டப் படிப்பாகவும் எடுக்கலாம்.

பள்ளி அணியில் ஆறாம் இடத்தில் ஆடும் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. பெரிய போட்டியில் வெல்லும் அளவுக்கு ஆட்டம் வரவில்லை என்றால், பதினெட்டு வயதில் விளையாட்டுக்கு முழுக்குப் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடுத்த முறை உங்கள் ஆட்டம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல், பக்கத்து ஆடுகளத்தில் ஆடும் தோழியைக் கவனியுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறார், எதைச் சொன்னால் நிமிர்வார் என்று உங்களுக்குத் தெரிந்தால், இந்தத் தொழிலின் முதல் பாடம் உங்களுக்கு வந்துவிட்டது. அதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்கள் பள்ளிப் பயிற்றுநரிடம் போய், முதலாம் படிவ மாணவிகளுக்குப் பயிற்சி தரும்போது கூட நின்று உதவ அனுமதி கேளுங்கள்.